நாமே முடக்கிய லேப்டாப்பை நாமே மீட்பது எப்படி: கேம் ஆடுபவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துப் பிள்ளைகள் கேமிங் லேப்டாப்பைக் கொண்டுவந்து சொல்லும் குறை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. “வாங்குனப்ப நல்லா ஓடுச்சு அண்ணே, இப்ப பத்து நிமிஷத்துல திணற ஆரம்பிச்சிருது.” திறந்து பார்த்தால் பாகம் எதுவும் கெட்டிருக்காது. வேகம் கூடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு மாற்றியது, இலவசம் என்று இறக்கியது, பிளக் சேரவில்லை என்று ஒட்டுப்போட்டது என்று நம் கையால் செய்தவையே ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கும்.

ஆகவே புதிதாக எதையும் ஏற்றுவதற்கு முன் ஏற்கெனவே செய்ததை எடுப்பதுதான் முதல் வேலை. வரிசையும் முக்கியம்: அளந்து பார்ப்பது, கரன்ட், சூடு, விண்டோஸ், கடைசியாகத்தான் கேமுக்குள் இருக்கும் செட்டிங்ஸ். பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கேமில் எல்லாவற்றையும் ‘லோ’வில் வைத்துவிட்டு, அப்படியும் ஓடவில்லை என்று விண்டோஸைக் குடைந்து, அதுவும் சரிப்படாமல் ரேம் வாங்கப் போகிறார்கள். கடைசியில் பார்த்தால் சார்ஜர்தான் காரணமாக இருக்கும்.

ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். என்ன மாற்றினீர்கள், மாற்றும் முன் என்ன இருந்தது, மாற்றிய பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள். ஐந்து மாற்றங்களை ஒன்றாகச் செய்துவிட்டால் எது உதவியது, எது கெடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலில் அளந்து பாருங்கள்

‘லேக்’ என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு நோய்களை அடைத்து வைத்திருக்கிறோம். படம் விட்டுவிட்டு நகர்ந்தால் அது ஃபிரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) குறைவு. படம் வழவழப்பாக ஓடியும் சுட்ட குண்டு தாமதமாகப் பட்டால் அது நெட். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே அரை நொடி உறைந்து மீண்டும் ஓடினால் அது ரேம், டிஸ்க், அல்லது பின்னால் ஓடும் வேறு வேலை. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர், அதனுடன் வரும் ரிவாட்யூனர் இரண்டையும் அவற்றின் சொந்தத் தளத்திலிருந்து இறக்குங்கள். இலவசம்தான், எந்தக் கம்பெனி லேப்டாப்பிலும் ஓடும். கேம் ஓடும்போதே திரையின் மூலையில் ஃபிரேம் எண்ணிக்கை, கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு, அதன் சூடு, பிராசசரின் சூடு, பிராசசரின் வேகம், ரேம் ஆகிய ஆறையும் காட்டும்படி வையுங்கள். அப்புறம் ஒரே மேப்பை இருபது நிமிடம் ஆடுங்கள். முதல் இரண்டு நிமிட எண்களும் கடைசி இரண்டு நிமிட எண்களும்தான் நமக்கு வேண்டும்.

இப்போது எண்களைப் படிக்கலாம். கிராபிக்ஸ் கார்டு 95 சதவீதத்துக்கு மேல் வேலை செய்துகொண்டு, வேகமும் விழாமல் இருந்தால் லேப்டாப்பில் கோளாறே இல்லை. அந்தக் கார்டின் சக்தி அவ்வளவுதான், நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம். சூடு உச்சத்தைத் தொட்டதும் வேகம் விழுந்தால் காற்றோட்டத்தைப் பார்க்க வேண்டும். சூடு குறைவாக இருந்தும் வேகம் விழுந்து கிடந்தால் கரன்டையோ, நீங்கள் எப்போதோ மாற்றிய ஒரு செட்டிங்கையோ சந்தேகப்படுங்கள். ஃபிரேம் அச்சு அசலாக 60-லோ 30-லோ நின்றுகொண்டிருந்தால் எங்கோ வரம்பு போட்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொன்றையும் இங்கேயே பார்த்துவிடுங்கள். 144 ஹெர்ட்ஸ் திரை (நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது) என்று விலை கொடுத்து வாங்கிவிட்டு 60-லேயே ஓட்டுபவர்கள் நிறைய. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போனால் ரெஃப்ரெஷ் ரேட் இருக்கும். பேட்டரி மிச்சம் பிடிக்க ஒருநாள் குறைத்துவிட்டு மறந்திருப்பீர்கள்.

கரன்ட்: சார்ஜரும் எர்த்தும்

பள்ளத்தூரில் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தது இது. கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்த மாணவர், வேலரன்ட் ஆடினால் ஃபிரேம் பதினைந்துக்கு விழுகிறது என்றார். லேப்டாப் நல்ல லேப்டாப். தனி கிராபிக்ஸ் கார்டு, போன வருட மாடல். கேமை ஓடவிட்டு, கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்தோம். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் பிராசசரின் வேகம் 0.79 கிகாஹெர்ட்ஸ் என்று அசையாமல் நின்றது. சூடு 58 டிகிரிதான். சூடாகவே இல்லாத பிராசசர் ஏன் இப்படி முடங்க வேண்டும் என்று சுவர்ப்பக்கம் பார்த்தால், உள்ளங்கை அளவில் 65 வாட் டைப்-சி சார்ஜர் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. “ஆச்சி, இதோட வந்த பெரிய சார்ஜர் எங்க?” என்று அவர் அம்மாவிடம் கேட்டேன். “அது செங்கல் மாதிரி கனக்குதுன்னு பீரோ மேல வச்சுட்டேன் தம்பி, ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார். பெரிய சார்ஜரை இறக்கி மாட்டியதும் வேகம் 4 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஏறியது.

இரண்டும் ஒன்றல்ல. கேமிங் லேப்டாப்போடு வரும் சார்ஜர் பெரும்பாலும் 150 வாட்டிலிருந்து 240 வாட் வரை கொடுக்கக்கூடியது. கிராபிக்ஸ் கார்டு மட்டுமே எவ்வளவு இழுக்கும் என்று பாருங்கள்: என்விடியா ஆர்டிஎக்ஸ் 3050 லேப்டாப் கார்டு மாடலைப் பொறுத்து 35-லிருந்து 80 வாட், 4060 என்றால் 35-லிருந்து 115 வாட். ஒரே பெயர் கொண்ட கார்டு ஒரு லேப்டாப்பில் வேகமாகவும் இன்னொன்றில் மெதுவாகவும் ஓடுவதற்கு இந்த வாட் வித்தியாசமே பெரிய காரணம். போதுமான கரன்ட் வராவிட்டால் லேப்டாப் தன்னைக் காத்துக்கொள்ளப் பிராசசரின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிடும். சில லேப்டாப்புகள் சார்ஜர் தன்னுடையதுதானா என்று ஒரு சிறு ஊசி வழியாக அடையாளம் பார்க்கும். அந்த ஊசி வளைந்தாலோ, டூப்ளிகேட் சார்ஜர் மாட்டினாலோ இதே கதைதான். பேட்டரியில் கேம் ஆடுவதும் அப்படியே. பேட்டரியால் ஒரேயடியாக அவ்வளவு வாட்டைக் கொடுக்க முடியாது, ஆகவே வேகம் பாதியாவது இயல்பு. அதைக் கோளாறு என்று எண்ணிக் குடைய வேண்டாம்.

அடுத்தது எர்த். நம் பக்கத்தில் பல லேப்டாப்புகள் சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் உறவுக்காரர்கள் வாங்கி வந்தவை. அந்த ஊர் பிளக்கின் முள் தட்டையாகவும் செவ்வகமாகவும் இருக்கும். நம் சாக்கெட்டில் நுழையாது. உடனே ஒரு கன்வெர்ஷன் பிளக் வாங்கி மாட்டுகிறோம். அந்த மலிவான கன்வெர்ஷன் பிளக்குகள் பலவற்றில் எர்த் இணைப்பே இல்லை. விளைவு, லேப்டாப்பின் உலோக மேல்பகுதியைத் தொட்டால் விறுவிறுவென்று இருக்கும், டச்பேடில் கர்சர் தானாகக் குதிக்கும், ஹெட்போனில் இரைச்சல் கேட்கும். டச்பேட் டிரைவரை நாலு முறை மாற்றினாலும் இது போகாது.

இதற்கு வழி சுலபம். சார்ஜர் செங்கலிலிருந்து சுவருக்குப் போகும் வயரைத் தனியே கழற்றலாம். செங்கலில் உள்ள துளையைப் பார்த்து, அதே துளைக்குப் பொருந்தும் நம் ஊர் மூன்று முள் வயரை வாங்கிவிடுங்கள். சார்ஜர் 100-லிருந்து 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதன்மேலேயே எழுதியிருக்கும், வயரை மாற்றினால் போதும். வயர் வாங்கும்போது அதன் தடிமனைப் பாருங்கள். 200 வாட் சார்ஜருக்கு ரேடியோ வயர் போல மெல்லியது ஆகாது. மூன்று முள் மாட்டியும் விறுவிறுப்பு நிற்கவில்லை என்றால் வீட்டில் எர்த் வேலை செய்யவில்லை. பழைய பெரிய வீடுகளில் முகப்பில் எர்த் இருக்கும், பின்கட்டுக்குப் போன வயரிங்கில் இருக்காது. எலக்ட்ரீஷியனை அழைத்து அதைச் சரிசெய்வது லேப்டாப்புக்கு மட்டுமல்ல, வீட்டில் உள்ளவர்களின் உயிருக்கும் காப்பு. இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

கரன்ட் போனால் கேமை நிறுத்திவிடுங்கள். திரும்ப வரும்போது முதல் சில நொடிகளுக்கு வோல்டேஜ் ஏறி இறங்கும். சார்ஜரை அப்போது கழற்றி வைத்திருந்து, விளக்கு நிலைப்பட்ட பிறகு மாட்டலாம்.

பேட்டரியைப் பற்றி, சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கும் காரைக்குடியில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை: லித்தியம் பேட்டரிக்குச் சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் ஆகாது. எப்போதும் சார்ஜரிலேயே கேம் ஆடுபவர் என்றால் லேப்டாப் கம்பெனியின் ஆப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதம் என்று வையுங்கள். டச்பேட் மேலே எழும்பினாலோ, அடிப்பலகை வீங்கினாலோ அன்றே நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை மாற்றக் கொடுங்கள். அமுக்கி மூடிப் பார்க்கவே கூடாது.

சூடு

கத்திரி வெயிலில் நம் பக்கம் 40 டிகிரியைத் தொடும் நாட்கள் உண்டு. அறை பத்து டிகிரி கூடினால் பிராசசரும் ஏறக்குறைய அதே அளவு கூடும். ஜனவரியில் நன்றாக ஓடிய கேம் மே மாதத்தில் திணறினால், இடையில் வந்த அப்டேட்டைத் திட்டுவதற்கு முன் வெயிலை நினைத்துப் பாருங்கள்.

எவ்வளவு சூடு சரி என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பெரும்பாலான லேப்டாப் பிராசசர்கள் 95-லிருந்து 100 டிகிரிக்குள் தம் எல்லையை வைத்திருக்கின்றன, அதைத் தொட்டதும் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். என்விடியா லேப்டாப் கார்டுகள் பொதுவாக 87 டிகிரி அருகே அதைச் செய்கின்றன. கேம் ஓடும்போது பிராசசர் 85, 90 காட்டுவது மெல்லிய லேப்டாப்பில் சாதாரணம். எண்ணைப் பார்த்துப் பதற வேண்டாம், வேகம் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

லேப்டாப்பை வைக்கும் இடத்தில்தான் முதல் தவறு நடக்கிறது. மெத்தையும் தலையணையும் ஆகாது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஆத்தங்குடி டைல்ஸ் தரை சில்லென்று இருக்கிறதே என்று லேப்டாப்பைத் தரையோடு தரையாக வைத்து ஆடுபவர்களைப் பார்க்கிறேன். தரை குளிர்ச்சிதான். ஆனால் லேப்டாப் குளிர்வது தரையால் அல்ல, அடிப்பக்கத் துளைகள் வழியாக உள்ளே போகும் காற்றால். தரையில் வைத்தால் அந்த இடுக்கு வழியாகக் காற்றைவிடத் தூசிதான் அதிகம் போகிறது. அரிசி ஆலைகள் நிறைந்த புதுவயல் பக்கம் என்றால் உமித்தூசியும் சேரும். மேசையில் வைத்து, பின்பக்கத்தை மட்டும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயர்த்துங்கள். இரண்டு மரக்கட்டைகள் போதும். துளைகளை மறைக்காமல் வைத்தாலே சில டிகிரி இறங்கும். கூலிங் பேட் அதன் பிறகு யோசிக்க வேண்டியது.

அடுத்தது சுத்தம். வருடத்துக்கு ஒருமுறை திறந்து தூசி எடுக்க வேண்டும். வாரன்டி இருந்தால் சர்வீஸ் சென்டரில் செய்யச் சொல்லுங்கள். நீங்களே செய்வதென்றால்:

லேப்டாப்பை முழுமையாக ஷட்டவுன் செய்து சார்ஜரைக் கழற்றுங்கள். அடிப்பலகையை ஒரு தாளில் வரைந்து, எடுத்த திருகை எடுத்த இடத்திலேயே குத்தி வையுங்கள். இது சின்ன விஷயம் போலத் தோன்றும். ஆனால் நீளத் திருகைக் குட்டைத் திருகின் துளையில் முறுக்கி மதர்போர்டைக் கீறியவர்கள் இருக்கிறார்கள். திறந்தவுடன் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. அப்புறம் ஃபேன் சுழலாதபடி ஒரு பல்குத்தும் குச்சியால் பிடித்துக்கொண்டு, கேன் காற்றையோ ஊதுபந்தையோ விட்டுவிட்டு அடியுங்கள். ஃபேனைப் பிடிக்காமல் காற்றடித்தால் அது கண்டபடி சுழன்று பேரிங் கெடும். வீட்டு வேக்யூம் கிளீனரை உள்ளே கொண்டுபோகாதீர்கள், நிலைமின்சாரம் பாகங்களைக் கொல்லும். தூசி பெரும்பாலும் ஃபேனில் இருக்காது. ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே கம்பளி போலப் படிந்திருக்கும். அதை எடுக்காமல் ஃபேனை மட்டும் துடைத்து மூடினால் பயனில்லை.

தெர்மல் பேஸ்ட் மாற்றுவது பற்றி என் கருத்து: இரண்டு மூன்று வருடம் ஆன, தூசி எடுத்தும் சூடு இறங்காத லேப்டாப்புக்கு மட்டும். பிராசசர், கிராபிக்ஸ் சிப் இரண்டுக்கும் பேஸ்ட். பக்கத்தில் இருக்கும் மெமரி சிப்புகளில் மெத்தென்று ஒரு பட்டை இருக்கும், அதுதான் தெர்மல் பேட். அதை எடுத்துவிட்டுப் பேஸ்ட் தடவினால் இடைவெளி நிரம்பாமல் மெமரி வெந்துபோகும். லிக்விட் மெட்டல் பக்கமே போகாதீர்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும், ஒரு துளி வழிந்தால் போர்டு போச்சு.

காசில்லாமல் சூட்டைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, பிராசசர் பவர் மேனேஜ்மென்ட் என்று போய் ‘மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்’டை 100-லிருந்து 99 ஆக்குங்கள். ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் பெரும்பாலான லேப்டாப்புகளில் அது டர்போவையே (தேவைப்படும்போது பிராசசர் வழக்கத்தைவிட வேகமாக ஓடுவதை) நிறுத்திவிடும். சூடு கணிசமாக இறங்கும், கிராபிக்ஸ் கார்டுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கும். பழைய ஒற்றை வீரர் கேம்களில் ஃபிரேம் குறைவதே தெரியாது. வேலரன்ட், கவுன்டர்-ஸ்டிரைக் 2 போன்றவை பிராசசரை நம்பி ஓடுபவை, அவற்றில் இதனால் குறையும். ஆகவே கோடையில் வைத்துக்கொண்டு மழைக்காலத்தில் திருப்பிவிடுங்கள். நோட்டில் எழுதுவதை மறக்காதீர்கள். யாரோ ஒரு வருடம் முன்பு வைத்த 99-ஐ, ஏன் 50 ஆக வைத்ததையே கூட, மறந்துவிட்டு ‘லேப்டாப் வயசாயிருச்சு’ என்று விற்கப் பார்க்கிறார்கள்.

விண்டோஸ்: செய்ததை எல்லாம் எடுப்பது

வேகம் கூட்டுவதாகச் சொல்லும் வீடியோக்களில் வரும் வித்தைகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாது, சில நிஜமாகவே கெடுக்கும். கெடுப்பவற்றை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள்.

விண்டோஸ் பட்டனையும் ஆர் எழுத்தையும் அழுத்தி எம்எஸ்கான்ஃபிக் (msconfig) என்று ஆங்கிலத்தில் அடித்துத் திறங்கள். பூட் பக்கத்தில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ். அங்கே ‘நம்பர் ஆஃப் பிராசசர்ஸ்’ டிக் ஆகியிருக்கிறதா? எட்டோ பன்னிரண்டோ வைத்தால் வேகம் கூடும் என்று சொல்லித்தந்திருப்பார்கள். விண்டோஸ் எப்போதும் எல்லா கோரையும் (பிராசசருக்குள் இருக்கும் தனித்தனி வேலைப்பிரிவுகள்) தானாகவே பயன்படுத்துகிறது. அந்தக் கட்டத்தில் எண் வைப்பது வரம்பு போடுவதுதான், கூட்டுவது ஆகாது. பக்கத்தில் ‘மேக்சிமம் மெமரி’யும் அப்படியே, அதில் டிக் இருந்தால் இருக்கிற ரேமில் ஒரு பகுதி காணாமல் போகலாம். இரண்டு டிக்கையும் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். அதே பக்கத்தில் ‘சேஃப் பூட்’ டிக்கும் இருக்கக் கூடாது.

அடுத்து பேஜிங் ஃபைல், அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்க்கில் எடுத்துக்கொள்ளும் இடம். எஸ்எஸ்டி தேயும் என்று இதை நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்தினால் ரேம் நிரம்பும் நொடியில் கேம் எந்தச் செய்தியும் இல்லாமல் மூடிக்கொள்ளும். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ், பெர்ஃபார்மன்ஸ், அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரி என்று போய், விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் டிக்கைப் போட்டுவிடுங்கள்.

‘கேம் பூஸ்டர்’, ‘ரேம் கிளீனர்’, ‘ரெஜிஸ்ட்ரி கிளீனர்’, ‘டிரைவர் அப்டேட்டர்’ என்று பெயர் கொண்ட அனைத்தையும் நீக்குங்கள். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ரேம் காலியாக இருப்பதால் வேகம் வராது. விண்டோஸ் அடிக்கடி வேண்டியதை ரேமில் வைத்திருப்பது வேகத்துக்காகத்தான், கிளீனர் அதை வெளியே தள்ளினால் மறுபடி டிஸ்க்கிலிருந்து எடுக்க வேண்டும். தினமும் ஓடும் கிளீனர்கள் ஷேடர் கேஷையும் (படம் வரைய கேம் தயாரித்துச் சேமித்து வைக்கும் சிறு நிரல்கள்) அழித்துவிடும். கேம் முதல்முறை ஓடும்போது விக்கி விக்கி ஓடுவது ஷேடர்களைத் தயாரிப்பதால். இரண்டாம் முறை சரியாகிவிடும். தினமும் அழித்தால் தினமும் முதல்முறைதான்.

இரண்டு ஆன்ட்டிவைரஸ் இருந்தால் ஒன்றை எடுங்கள். விண்டோஸோடு வரும் டிஃபென்டர் ஒன்றே போதும். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் கேம் லாஞ்சர்கள், மீட்டிங் ஆப்கள், பிரின்டர் உதவியாளர்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். சவுண்டு, டச்பேட், லேப்டாப் கம்பெனியின் ஃபேன் கன்ட்ரோல் ஆப் தவிர மற்றவற்றை டிஸேபிள் செய்யலாம்.

எந்த கிராபிக்ஸ் ஓடுகிறது என்பதையும் இங்கே பார்க்க வேண்டும். லேப்டாப்பில் பிராசசருக்குள் ஒன்றும் தனியாக ஒன்றுமாக இரண்டு இருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் பக்கத்தில் உங்கள் கேமைச் சேர்த்து ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ கொடுங்கள். சிலர் டிவைஸ் மேனேஜரில் உள்கிராபிக்ஸை டிஸேபிள் செய்துவிடுகிறார்கள். தனிக் கார்டு போடும் படம் பல லேப்டாப்புகளில் உள்கிராபிக்ஸ் வழியாகத்தான் திரைக்கு வருகிறது. அதை அடைத்தால் படம் தடுமாறும், வெளிச்சம் குறைக்க முடியாது. மறுபடி எனேபிள் செய்துவிடுங்கள்.

பயோஸ் (விண்டோஸ் ஏறும் முன்பே ஓடும் அடிப்படை செட்டிங்ஸ்) பக்கம் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 11-இல் வேலரன்ட் ஓடச் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் வேண்டும். அதை இயக்கப் போய்ப் பலர் அடுத்த பூட்டில் நீலத் திரையில் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்பதைப் பார்த்து உறைந்துபோகிறார்கள். அது டிஸ்க்கைப் பூட்டி வைத்திருக்கும் பிட்லாக்கர். புதிய லேப்டாப்புகளில் நீங்கள் சொல்லாமலே அது இயங்கியிருக்கும். கீ, லேப்டாப்பில் நீங்கள் நுழையும் மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்டின் பக்கத்தில் கிடைக்கும். அந்த அக்கவுன்ட்டே கடைக்காரர் போட்டுக் கொடுத்தது, பாஸ்வேர்டு தெரியாது என்றால் உள்ளே இருக்கும் படங்களும் ப்ராஜெக்ட்டும் போனதுதான். ஆகவே பயோஸைத் தொடும் முன் கீயை நோட்டில் எழுதிவையுங்கள். டிபிஎம்மைக் ‘கிளியர்’ செய்யாதீர்கள்.

கிராக்கும் ஆக்டிவேட்டரும்

கேம் விலை அதிகம் என்பது உண்மை. மாணவர்களின் கையில் பணம் இல்லை என்பதும் உண்மை. ஆனால் பூட்டை உடைத்து இலவசமாகத் தரும் கிராக் கேமும், விண்டோஸ் ஆக்டிவேட்டரும், ‘லைட்’ என்று யாரோ வெட்டித் தைத்த விண்டோஸும் உங்கள் லேப்டாப்புக்குள் எதை விட்டுப் போகின்றன என்பது உங்களுக்குத் தெரியாது. ‘ஆன்ட்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்’ என்ற குறிப்பைப் படித்தும் ஏன் நம்புகிறோம்? கிரிப்டோ நாணயம் உருவாக்கும் மைனர் நிரல் ஒன்று உட்கார்ந்துகொண்டால் உங்கள் கிராபிக்ஸ் கார்டு வேறு யாருக்கோ உழைக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்தவுடன் அடங்கி, மூடியதும் மறுபடி ஓடும் மைனர்களும் உண்டு. எதுவும் திறக்காமல் லேப்டாப் சும்மா இருக்கும்போது ஃபேன் அலறுகிறது, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்றால் அதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பாதுகாப்பு செட்டிங்ஸில் கீழே ‘எக்ஸ்க்ளூஷன்ஸ்’ பாருங்கள். நீங்கள் சேர்க்காத ஃபோல்டர், குறிப்பாக சி டிரைவ் முழுவதும் அங்கே இருந்தால் யாரோ கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நீக்கிவிட்டு ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘ஆஃப்லைன் ஸ்கேன்’ கொடுங்கள். லேப்டாப் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் ஏறும் முன்பே தேடும். ஏதாவது அகப்பட்டால், கேமிங் அக்கவுன்ட், மெயில், பேங்க் பாஸ்வேர்டுகளை வேறு ஒரு போனிலிருந்து மாற்றுங்கள். அதன் பிறகு விண்டோஸைப் புதிதாகப் போடுவதே பத்திரம்.

டிரைவர், டிஸ்க், நெட்

கிராபிக்ஸ் டிரைவரை என்விடியா, ஏஎம்டி, இன்டெல் ஆகியோரின் சொந்த ஆப்பிலிருந்தும், மற்ற டிரைவர்களை லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தும் மட்டும் எடுங்கள். நன்றாக ஓடினால் ஒவ்வொரு புது டிரைவருக்கும் ஓட வேண்டாம். புதிது போட்டபின் கெட்டால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக்’ இருக்கிறது.

எஸ்எஸ்டியில் ஆறில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். கேமை வெளி ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் மேப் மாறும்போதெல்லாம் விக்கும்.

நெட் என்றால் நம் வீடுகளில் ஒரு தனிச் சிக்கல். ரவுட்டர் முகப்பில் இருக்கும், ஆடுவது வளவை (நடுமுற்றத்தை) தாண்டி இரண்டாம் கட்டுப் பகுதியில். நடுவே இருக்கும் தடித்த சுவர்களை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை தாண்டாது. பிங் (சர்வருக்குப் போய்த் திரும்பும் நேரம்) குறைக்கிறேன் என்று விபிஎன் வாங்குவதற்குப் பதில் ஒரு நீள லேன் கேபிள் வாங்குங்கள். வேலரன்ட்டுக்கு மும்பையிலும் கவுன்டர்-ஸ்டிரைக் 2-க்கு மும்பை, சென்னையிலும் சர்வர் உண்டு. விபிஎன் உங்களை வேறு ஊருக்குச் சுற்றவிட்டால் பிங் ஏறத்தான் செய்யும்.

கேமுக்குள், கடைசியாக

இங்கே வந்தபோது லேப்டாப் சுத்தமாக இருக்க வேண்டும். முதலில் ‘லோ’வில் எல்லாவற்றையும் தள்ளாதீர்கள். ஷேடோவை மீடியத்துக்கோ லோவுக்கோ இறக்குங்கள், அதிலேயே பெரிய லாபம் கிடைக்கும். ரிஃப்ளெக்‌ஷன், வால்யூமெட்ரிக் ஃபாக், ஆம்பியன்ட் அக்லூஷன் அடுத்தவை. டெக்ஸ்சர் வேறு ரகம்: கார்டில் மெமரி இருக்கும்வரை அது ஃபிரேமைத் தின்னாது, மெமரி நிரம்பியதும் ஒரேயடியாக விக்கும். 4 ஜிபி கார்டில் டெக்ஸ்சர் ‘ஹை’ வைத்துவிட்டு மற்ற எல்லாவற்றையும் குறைப்பதால் பயன் வராது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் (படத்தைச் சிறிதாக வரைந்து பெரிதாக்கிக் காட்டி ஃபிரேம் கூட்டும் வசதிகள்) இருந்தால் ‘குவாலிட்டி’யில் வையுங்கள்.

அப்புறம் ஃபிரேம் வரம்பு. 90-க்கும் 50-க்கும் இடையே ஏறி இறங்குவதைவிட 60-ல் கட்டி வைத்தால் கண்ணுக்கு வழவழப்பாக இருக்கும், சூடும் குறையும். நம் ஊர்க் கோடையில் இதைவிட நல்ல செட்டிங் எனக்குத் தெரியவில்லை.

அரசு கொடுத்த பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு: தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் 2011-இல் தொடங்கியது, அந்தக் காலத்து லேப்டாப்புகள் படிப்புக்காக வந்தவை. எஸ்எஸ்டி மாற்றினால் விண்டோஸ் சட்டென்று திறக்கும், கேமில் ஃபிரேம் கூடாது. பழைய கேம்களை 720 பிக்சலில் ஆடலாம். விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, பேங்க் வேலைக்கு அதை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ரேம் வாங்குவதாக இருந்தால் டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ஸ்லாட் எத்தனை, எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். ஒரே 8 ஜிபி குச்சி மட்டும் இருந்தால் இன்னொரு 8 சேர்ப்பது நல்ல செலவு. இரண்டு குச்சியும் சேர்ந்து இரட்டைப் பாதையில் ஓடும்போது, உள்கிராபிக்ஸில் ஆடுபவர்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். டிடிஆர்4 ஸ்லாட்டில் டிடிஆர்5 நுழையாது. பழைய குச்சியின் படத்தை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

எதற்கும் மசியாவிட்டால்

செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரியில், விண்டோஸ் அப்டேட் வழியாகப் பழுது பார்க்கும் ‘ரீஇன்ஸ்டால் நவ்’ பட்டன் புதிய விண்டோஸ் 11-இல் இருக்கிறது. ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொண்டு விண்டோஸை மட்டும் புதிதாக்கும். அதுவும் ஆகவில்லை என்றால் முக்கியமானவற்றை வெளி டிஸ்க்கில் எடுத்துவைத்துவிட்டு ‘ரீசெட்’.

ரீசெட்டுக்குப் பிறகு டிரைவர்களையும் ஒரே ஒரு கேமையும் மட்டும் போட்டு, அதே மேப்பை அதே இருபது நிமிடம் ஆடி எண்களை எழுதுங்கள். சுத்தமான விண்டோஸிலும், சரியான சார்ஜரிலும், தூசி எடுத்த பிறகும் வேகம் விழுந்தால் அது பாகத்தின் பழுது. அப்போது அந்த நோட்டோடு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். ‘ஸ்லோவா இருக்கு’ என்று சொன்னால் ஃபார்மேட் அடித்துத் திருப்பித் தருவார்கள். ‘ஒரிஜினல் சார்ஜரில், 70 டிகிரியிலேயே பிராசசர் 0.8-க்கு விழுகிறது, ரீசெட் செய்தாயிற்று’ என்று சொன்னால் போர்டைத் திறந்து பார்ப்பார்கள்.